வேட்டைக்காரரின் வேளாண்மை

நுவரெலியாச் சந்தையிலே விற்கப்படும் மரக்கறிகளின் பெயர்களைச் சற்றே செவிகொடுத்துக் கேட்பவர், பல நாட்டு வரலாற்றை ஒருங்கே கேட்டவர் ஆவார். கோவா என்பது போர்த்துக்கேயர் வாய்ச்சொல். போஞ்சி, ஒல்லாந்தர் சொல் ஒன்று சிங்களத்துட் புகுந்து உருத்திரிந்து, அங்கிருந்து நம் நாவிற்கு வந்தது. கரட், லீக்ஸ், பீற்றூட் என்பன ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. உருளைக்கிழங்குக்கு மாத்திரம் நாம் நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சூட்டிக்கொண்டோம். பொருளோ தென்னமெரிக்க மலைகளிற் பிறந்து, ஐரோப்பாவைச் சுற்றிக் கப்பலேறி வந்தது. இன்று கந்தப்பளையிலும் இராகலையிலும் லயத்துக் காம்பிராவின் பின்புறத்தே நாலு பாத்தி கட்டியிருக்கும் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றேனும் அந்நியப் பொருளாகத் தோன்றுவதில்லை. சந்தைக்கு வரும் பதுளைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் இவை மலைநாட்டுக் காய்களே.

இவற்றை இம்மலைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஒருவரைச் சுட்டிக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1819 இல் மருத்துவர் யோன் டேவி இச்சமவெளியைக் கண்டு எழுதினார். ஆளுநர் எட்வேட் பான்ஸ் 1820களின் பிற்பகுதியில் இங்கே மாளிகை எழுப்பினார். நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்காக இங்கு வந்து தங்கினர். வெள்ளையர் தங்கிய இடத்தில் வீட்டுத் தோட்டமும் சிறிது இருந்தே தீரும். ஆனால் கலப்பையும் காளையும் விதையும் கொல்லனும் வேட்டை நாயுமாக, ஓர் ஆங்கிலக் கிராமத்தையே பெயர்த்தெடுத்து வந்து இங்கே நட்டுவிட முயன்றவர் ஒருவர் உண்டு. உலகம் அவரை நைல் நதியின் ஊற்றை நாடிச் சென்ற வீரராக அறியும். நமக்கோ, ஓட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயரளவிலேயே அவர் எஞ்சி நிற்கிறார். சாமுவேல் வைற் பேக்கர் என்பது அவர் முழுப்பெயர்.

1821 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் பெருவணிகர், யமேக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்கள் உடையவர். 1843 இல் சாமுவேலும் தம்பியாகிய யோனும் ஒரே நாளில், அக்காளையும் தங்கையையும் மணந்தார்கள். சாமுவேலின் மனைவியார் என்றியற்றா என்னும் பெயரினர். குடும்பத்துத் தோட்டத்தைப் பார்க்க மொரீசியசுக்குச் சென்றவருக்குக் கரும்பு இனிக்கவில்லை. இலங்கையில் யானை மிகுதி என்று கேள்விப்பட்டார். 1845 இல் கொழும்பிலே வந்திறங்கினார்.

வேட்டைக்காகவே வந்தார் என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் யானையைக் கொல்வதற்கு அரசாங்கம் பரிசுப் பணமும் கொடுத்து வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்திய மேஜர் ரொஜர்ஸ் என்பவர் பேக்கர் வந்த அதே ஆண்டில் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டு, நுவரெலியாவிலே புதைக்கப்பட்டார். அந்தக் கூட்டத்தில் அடுத்த பெயர் பேக்கருடையது. நாய்களை ஏவி மரையைத் துரத்தி, ஆற்று நீரில் மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்வதில் அவருக்கு அளவற்ற களிப்பு. அவ்வேட்டைகளைப் பற்றி அவர் எழுதிய நூலைப் படிக்கையில் எனக்கு வியப்பினும் சலிப்பே மிகுதி. மற்றைய நூலே நம் காரியத்துக்கு உரியது. எட்டு ஆண்டு இலங்கை வாழ்வைக் கூறும் அந்நூல் 1855 இல் வெளிவந்தது.

தாழ்நிலக் காட்டில் அலைந்தவரைக் காய்ச்சல் பற்றியது. உடல் நைந்து, 1847 இல் நுவரெலியாவுக்கு வந்து சில நாள் தங்கினார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே குளிர்காற்றும் தெளிந்த ஓடையும் அவரை எழுப்பி நிறுத்தின. எழுந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தார். இத்துணை நல்ல தட்பவெப்பத்தில் நல்ல இறைச்சி இல்லை, ஆங்கில மரக்கறி அரிது, பால் இல்லை, நிலமெல்லாம் வறிதே கிடக்கிறது. நோயாளியாக வந்தவர் பண்ணையாராகும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அரசாங்கத்திடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு 20 சிலிங் விலையிற் பெருநிலம் வாங்கினார். 1848 செப்ரெம்பரில் ஏர்ல் ஒவ் ஆட்விக் என்னும் கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டது. அதிலே அவர் குடும்பம், தம்பியார் குடும்பம், பண்ணை மேற்பார்வையாளர், கொல்லன், குதிரைக்காரன், பணியாட்கள். பின்னும் உயர்சாதிப் பசு, காளை, செம்மறிகள், வேட்டை நாய்கள், உழுகருவிகள், விதைகள். நோவாவின் பேழையை நினைவூட்டும் ஏற்பாடு இது.

கொழும்பிலிருந்து நுவரெலியா 115 மைல். புகைவண்டி நானுஓயாவை எட்டியது 1885 இலே தான்; பேக்கர் காலத்தில் இறம்பொடைக் கணவாய் வழியே மாட்டுவண்டி ஏற வேண்டும். பசுவுக்கெனத் தனியே செய்வித்த வண்டி அதன் பாரத்தைத் தாங்காமல் உடைந்தது. பசுவை நடத்தியே அனுப்ப நேர்ந்தது. பேர்க்ஸ் என்னும் குதிரைக்காரனுடைய கதை இதனினும் வேடிக்கையும் கொடுமையும் உடையது. குடியிற் பற்றுள்ள அவன், துரையின் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்திலே உருட்டினான். நடந்ததைப் பிழை மலிந்த கடிதமொன்றில் தலைவருக்கு எழுதி அனுப்பினான். பின்பு யானை ஒன்றைக் குதிரைபோல ஓட்டி மலையேற்றினான். அவ்வுயிர் களைத்து விழுந்து இறந்தது. பேக்கர் இவற்றை நகைச்சுவையாகவே எழுதுகிறார். யானையை நினைப்பவருக்கு நகை வருவதில்லை.

இனி வேளாண்மைக்கு வருவோம். காடு வெட்டி, வேர் கல்லி, எரித்து, நிலம் திருத்தினார்கள். யானையைக் கலப்பையிற் பூட்டி உழுதார்கள். ஒட்ஸ் தானியம் விதைத்தார்கள். முளைத்த பயிரை இரவிலே மரையும் காட்டுப்பன்றியும் வந்து மேய்ந்தன. உருளைக்கிழங்கு நட்டார்கள், மண்ணுள் இருந்த புழு அதனைத் தின்றது. கொள்ளைநோய் வந்து சில நாட்களுக்குள் 26 எருதுகள் மடிந்தன. அவுஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து முதலாண்டிலேயே இறந்தன. ஆடுகளும் நிலைக்கவில்லை. கைப்பணம் கரைந்தது. வேறொருவராயின் அடுத்த கப்பலேறியிருப்பார்.

பேக்கர் ஏறவில்லை. அவரைப் பற்றி எனக்குள்ள மதிப்பு இந்த இடத்திலே தான் தொடங்குகிறது. யானை வேட்டையில் தம் திறத்தைச் சிறிதும் குறைத்துச் சொல்லாத அதே மனிதர், பண்ணையில் தாம் பட்ட தோல்விகளையும் எண்ணிக்கை தவறாமல் எழுதி வைத்தார். வேட்டைக்காரர் பலர் தவறிய குண்டைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. இவர் இறந்த எருதையும் கெட்ட கிழங்கையும் சேர்த்தார்.

அத்தோல்வியிலிருந்து அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. வானளாவிய மரங்கள் நிற்கும் காட்டைப் பார்த்து, இம்மண் பொன்விளையும் மண் என்று புதிதாக வருபவர் மயங்குவர். மரம் நிற்பது தன் இலையுதிர்வைத் தானே உண்டு தான். மரத்தை வெட்டி மண்ணை வெளியே காட்டிவிட்டால் மலைநாட்டு மழை அதன் சாரத்தையெல்லாம் அரித்துக்கொண்டு ஓடிவிடும். எருவிட்டாலன்றி ஆங்கு விளைவில்லை. மாட்டைக் கட்டி, சாணத்தைச் சேர்த்து, ஆண்டாண்டாக இட்டபின்னரே அவருடைய நிலம் பச்சை பிடித்தது. புல்வெளி தழைத்தது, கலப்பினக் கன்றுகள் பிறந்தன, கிழங்கும் கோவாவும் தேறின.

இவ்வுண்மையை நூற்றெழுபது ஆண்டு கழித்து இம்மலையே மீண்டும் விலைகொடுத்துக் கற்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசாங்கம் ஒரே வீச்சில் நிறுத்தியது. அதற்கு ஈடாக வேண்டிய சாணமும் கூட்டெருவும் எங்கே உள்ளன, எத்தனை ஆண்டிற் சேரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. நுவரெலியாவிலே கரட் விரலளவாய்ச் சுருங்கியது, கொழுந்து குறைந்தது, நவம்பரிலே தடையை விலக்க நேர்ந்தது. எருவின் இன்றியமையாமையைச் சொல்லும் ஏடு ஒன்று 1855 முதல் நூலகங்களில் இருந்தே வந்தது. வள்ளுவரும் ஏருழுதலைவிட எருவிடுதலை மேலாக வைத்தார் என்பதை மாணவர் அறிவர்.

பேக்கரின் நூலில் எனக்கு மிக உவப்பான பகுதி காட்டு உணவைப் பற்றியது. புதிய நாட்டுக்கு வந்த ஒருவன் அங்குள்ள பண்டசாலையில் நுழைந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது என்ன, இதைத் தின்னலாமா, எப்படிச் சமைப்பது என்று பார்ப்பது போல, அவர் இலங்கைக் காட்டினுள் நுழைகிறார். காட்டுக் கனிகளைக் கடித்துப் பார்க்கிறார், பெரும்பாலானவை துவர்க்கின்றன. இலையும் கிழங்குமாக எவற்றைச் சேர்த்தால் ஒரு மெலிந்த சூப்பாவது வைக்கலாம் என்று கணக்கிடுகிறார். காளான்களில் உண்ணத்தக்கன எவை என்று ஆராய்கிறார். தென்னையின் கள்ளும் சாராயமும் எண்ணெயும், கமுகும் வெற்றிலையும், தாளிப்பனையும், காட்டுச் சாதிக்காயும், கறுவாவும் வரிசையாக வருகின்றன. தேனீயில் நால்வகை கண்டு, தேனை எடுத்துக்கொண்டு மெழுகை எறிந்துவிடும் வழக்கத்தைக் கண்டு வருந்துகிறார். வணிகர் மகன் அல்லவா. எறியப்படும் மெழுகும் அவர் கண்ணுக்குப் பணமாகவே தெரிந்தது.

அவர் துணிபு இது: கண்ணுக்கு இத்துணை வளமாகத் தோன்றும் காட்டிலே, கையில் துப்பாக்கி இல்லாத மனிதன் பசியாறுவது அரிது. இதைப் படித்தபோது பாரியின் பறம்பு மலையை நினையாதிருக்க முடியவில்லை. உழவர் உழாமலே அம்மலை நான்கு விளைவுகளைத் தரும் என்று கபிலர் புறநானூற்றிலே பாடுகின்றார்: மூங்கில் நெல், பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, தேன். பேக்கர் திரிந்த காடுகளிலும் மூங்கில் உண்டு, கிழங்கு உண்டு, தேன் உண்டு. வேறுபாடு மலையில் இல்லை. எந்தப் பருவத்தில் எங்கே தோண்டினால் வள்ளி கிடைக்கும், அதன் காறலை எப்படி நீக்குவது என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கல்வி. எட்டு ஆண்டில் அது வந்துவிடாது. காட்டிலே பிறந்து வளர்ந்த வேடரை அவர் கண்டார், கண்டும், கற்பிப்போராகக் கொள்ளவில்லை, இழிந்தோராகவே எழுதினார். அங்கே தான் அவருடைய சூப்பு மெலிந்துபோயிற்று.

இன்னொரு செய்தியும் அந்நூலில் உண்டு. தமிழாசிரியர் எவரும் அதைத் தாண்டிச் செல்ல மாட்டார். நுவரெலியாக் காடுகளிலே நெலு என்னும் செடி பல ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் குலுங்கும் என்றும், அப்போது தேனீக்கள் திரளாக வரும், தேன் மலியும் என்றும், அதன் விதையை உண்ணக் காட்டுக்கோழிகள் கூடும் என்றும் பேக்கர் எழுதுகிறார். இந்த நெலு நம்முடைய குறிஞ்சியின் இனத்தது. தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்துள் வைப்பர். குறிஞ்சிப் பூவிலிருந்து இழைத்த தேனைக் குறுந்தொகைத் தலைவி தன் நட்புக்கு அடையாளமாகச் சொல்வாள். அத்தேனை நாவிலே சுவைத்த ஆங்கிலேயருக்குக் குறிஞ்சித்திணை என்று ஒன்று இருப்பது தெரியாது. அத்திணையை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கும் நம்மில் எத்தனை பேர் நெலு பூத்த காட்டைப் போய்ப் பார்த்தோம் என்று கேட்டால், அதற்கும் விடை சுருங்கியதே.

நெல்லைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அக்காலத்தில் மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகி வந்தன. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் நோயாலும் பசியாலும் பலரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்த மக்களே அத்தோட்டங்களின் கையும் காலும். அவர்களுக்குப் படியாக அளந்த அரிசியும் இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தது. ஆளும் அரிசியும் ஒரே கடலைத் தாண்டினர் என்க. பொலநறுவைப் பக்கத்துப் பாழடைந்த குளங்களைக் கண்ட பேக்கர், இவற்றைப் பழுதுபார்த்தால் நாட்டுக்கு வேண்டிய நெல்லை நாட்டிலேயே விளைவிக்கலாமே என்று வற்புறுத்தி எழுதினார். அவர் கூறியது நேர்மையான கூற்று. பின்வந்த ஆட்சிகள் அக்குளங்கள் பலவற்றைத் திருத்தின.

ஆனால் அந்த அரிசியை உண்டவர் யார், எப்படி உண்டனர் என்பது அவர் நூலில் இல்லை. குதிரைக்காரன் பேர்க்ஸ் குடித்துவிட்டுச் செய்தவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. காடு வெட்டிய கூலியாளர் ஒருவருக்கும் அத்தகைய இடம் இல்லை. நாய்களுக்குத் தனித்தனிப் பெயரும் குணமும் கூறி, இறந்தவற்றுக்கு இரங்கலும் எழுதியவர் அவர். அக்கூலியாளர் மாலையில் எதைச் சமைத்தார் என்று அறிய, மலைக்காட்டின் இலையெல்லாம் கடித்துப் பார்த்த அம்மனிதர் ஒருநாள் அடுப்படிக்குப் போயிருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1848 இல் கடல் கடந்து வந்த புதியவர் ஒருவருக்கு ஏக்கர் 20 சிலிங்குக்கு மலைநிலம் உரிமையாயிற்று. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1948 நவம்பரில், பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அம்மலையை மூன்று நான்கு தலைமுறையாகத் திருத்திய மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது மிகுதியாக வாடியவர் தோட்ட மக்களே. இடுக்கிலே கரட்டும் கோவாவும் விளைந்த மலையில் மனிதர் பசியால் மாண்டனர். எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்று வகுத்தனர். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். பேக்கர் கொடுத்த விலைப்படி 7 பேர்ச்சுக்குப் பத்தரைப் பென்ஸ் ஆகும். கணக்கிற் பழகிய மாணவர் சரிபார்த்துக் கொள்ளலாம்.

பேக்கரின் முயற்சிகளில் மது வடித்தலும் ஒன்று. நுவரெலியா பியர் தொழிலின் தொடக்கத்தை அவரோடு தொடர்புபடுத்திக் கூறுவர். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தோட்டப் பள்ளிகளில் பணியாற்றியோர் காரணத்தை அறிவர்.

1855 இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். உடல் தளர்ந்திருந்தது, பிள்ளைகள் சிலரையும் இடையிலே இழந்திருந்தார். அதே ஆண்டு திசம்பரில், பிரான்சின் தென்மலைப் பகுதியில் என்றியற்றா காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண்மக்களைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, நிலைகொள்ளாது அலைந்தார் பேக்கர்.

பின்வந்த வரலாற்றை உலகம் அறியும். சுருங்கச் சொன்னாற் போதும். 1859 இல் தான்யூப் நதிக்கரையில் விடின் என்னும் ஊரில், அடிமையாக விற்கப்பட இருந்த புளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணைக் கண்டு மீட்டார். அவரே பின்னர் மனைவியும் பயணத்துணையும் ஆனார். இருவரும் நைல் நதிவழி மேலேறி, 1863 இல் கொண்டோக்கோரோவில் ஸ்பீக், கிராண்ட் என்போரைச் சந்தித்து, 1864 மார்ச் 14 இல் ஒரு பேரேரியைக் கண்டனர். அதற்கு அல்பேட் என்று பெயரிட்டனர். ஆங்கே அதற்குப் பெயர் ஏற்கெனவே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமோ? 1866 இல் சேர் பட்டம் வந்தது. 1869 முதல் 1873 வரை எகிப்திய அதிபரின் படையோடு சென்று, மேல்நைல் பகுதியில் அடிமை வாணிகத்தை ஒடுக்கப் போராடினார். கரும்புத் தோட்டக் குடும்பத்திற் பிறந்தவர் கைக்கொண்ட அப்பணியை நான் குறைத்து மதிப்பதில்லை. இலங்கைக் காட்டில் மனிதரைக் காணத் தவறிய கண், அங்கே விலங்கு பூட்டிய மனிதரைக் கண்டது.

நுவரெலியாவில் தம்பி யோன் தங்கிவிட்டார். அண்ணன் தொடங்கிய மகாகஸ்தோட்டைப் பண்ணையை அவர் நடத்தினார். 1869 இல் கோப்பியை நோய் பற்றியது. இலை உதிர்ந்த மலைகளிலே கொயினாவும் பின்பு தேயிலையும் ஏறின. பேக்கர் நட எண்ணிய ஆங்கிலக் கிராமம் எழவில்லை. விதை மாத்திரம் கைமாறிக்கொண்டே சென்றது: துரைமார் தோட்டத்திலிருந்து தோட்டக்காரனுக்கும், அவனிடமிருந்து லயத்துக்கும், அயற்கிராமத்துச் சிங்களக் கமக்காரருக்கும். பீற்றூட்டைத் தேங்காய்ப்பாலிட்டு வைப்பதும், லீக்ஸைப் பருப்போடு சுண்டுவதும், கரட்டைத் துருவிச் சம்பலாக்குவதும் எந்த ஆங்கிலச் சமையல் ஏட்டிலும் இல்லாதவை. நம் பெண்கள் அடுப்படியிற் கண்டவை அவை.

சேர் சாமுவேல் பேக்கர் 1893 திசம்பர் 30 ஆம் நாள், டெவன் மாவட்டத்தில் தம் இல்லத்திற் காலமானார். உடலை எரியூட்டிச் சாம்பலை உசுற்றர் நகரத்தை அடுத்த கிறிம்லி என்னும் சிற்றூரில் அடக்கம் செய்தனர். புளோரன்ஸ் அம்மையார் 1916 வரை வாழ்ந்தார்.